பழைய ஆட்டமா, புதிய ஆட்டமா?

ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியான போசனம் முடிந்து, காலி வீதியின் வாகன இரைச்சலும் சற்றே ஓய்ந்திருக்கும் வேளையில், வெள்ளவத்தையிலுள்ள எமது தொடர்மாடி வீட்டில் ஒரு காரியம் நெடுங்காலமாக நடைபெற்று வந்தது. நாற்பது வயதைக் கடந்தவரும், பட்டதாரியும், உயர்தர வகுப்பு மாணவர்க்கு இணைந்த கணிதம் போதிப்பவருமாகிய நாம், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, முப்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைமையுடைய வீடியோ விளையாட்டொன்றை விளையாடுவோம். எமது மாணவர் எவரேனும் இதை வாசிக்க நேர்ந்தால் வாசிக்கட்டும். அவர்களுடைய இரகசியங்கள் பலவற்றை நாம் அறிவோம். எமது இரகசியம் ஒன்றை அவர்கள் அறிவதிலே பெரிய நட்டமில்லை.

அவ்விளையாட்டின் பெயர் கொன்ட்ரா. கொனாமி என்னும் ஜப்பானியக் கம்பெனி 1987 இல் காசு போட்டு விளையாடும் இயந்திரத்துக்காகச் செய்து, அடுத்த ஆண்டு வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைக்கும் கருவிக்கும் ஏற்றவாறு மாற்றி வெளியிட்டது. நீலக் காற்சட்டை அணிந்த ஒருவனும் சிவப்புக் காற்சட்டை அணிந்த ஒருவனும் துப்பாக்கியோடு காட்டுக்குள் ஓடுகிறார்கள். எட்டுக் கட்டங்கள். ஒரு குண்டு உடலிற் பட்டாற் போதும், உயிர் போய்விடும். கையில் இருப்பவை மூன்றே உயிர்கள். கதை என்று சொல்லத்தக்கது அவ்வளவுதான்.

இதனை எத்தனை தடவை விளையாடியிருப்போம் என்று கணக்கு வைத்தோமில்லை. எந்த மரத்தின் பின்னிருந்து எவன் வருவான், எந்தப் பாலம் எப்போது வெடிக்கும் என்பதெல்லாம் எமது விரல்களுக்கு மனப்பாடம். எமது மகன், உயர்தரப் பரீட்சையை எழுதிவிட்டுப் பெறுபேற்றை எதிர்பார்த்திருந்த மாதங்களில், ஒருநாள் கதவைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டான்: “அப்பா, உங்களுக்கு அலுக்கேல்லையா? புதுசா எத்தினை வந்திட்டுது. ஒண்டையாவது என்னோட விளையாடிப் பாருங்கோவன்.”

நாம், ஆசிரியர்களுக்கே உரிய பெருந்தன்மையோடு, பழகிய ஒன்றின் அருமை பழகப் பழகத்தான் தெரியும் என்றோம். அவனோ கணித வாத்தியாரின் பிள்ளை. இரண்டு நாள் கழித்து எமது ஆயுதத்தையே எடுத்துக்கொண்டு வந்தான்.

கணிதத்திலே, பல கைகளையுடைய சூதாட்டப் பொறி என்றொரு பிரச்சினை உண்டு. வரிசையாகப் பல பொறிகள் நிற்கின்றன. ஒன்றை ஏற்கெனவே பல தடவை இழுத்துப் பார்த்திருக்கிறோம். ஓரளவு காசு வருகின்றது. மற்றவை எப்படியோ தெரியாது. தெரிந்ததையே இழுத்துக்கொண்டிருப்பதா, தெரியாததை இழுத்துப் பார்ப்பதா? பிரித்தானியக் கணித அறிஞர் ஜோன் கிட்டின்ஸ் 1970களிலே இதற்கு நேர்த்தியான ஒரு வழியைக் கண்டார். இழுத்துப் பாராத பொறிக்கு, அது பாராதது என்பதற்காகவே சிறிது மதிப்பைக் கூட்டிக் கணிக்க வேண்டும். அந்த மேலதிக மதிப்பு, முன்னே இன்னும் எத்தனை வாய்ப்புகள் எஞ்சியிருக்கும் என்பதைப் பொறுத்தது. காலம் நிறைய இருப்பவன் புதியதைத் தேடுவதே இலாபம். காலம் குறைந்தவன் தெரிந்ததோடு நிற்பதே இலாபம்.

“ஆனபடியால் நீங்கள் செய்யிறது சரிதான் அப்பா,” என்றான் மகன், மிகுந்த மரியாதையோடு. “எனக்கு இன்னும் கனகாலம் இருக்கு; நான் புதுசு விளையாடலாம். உங்களுக்கு இனிப் பழசுதான் கணக்கு.”

சமையலறையிலிருந்து அவனுடைய தாயார், “என்ன கதை கதைக்கிறாய்!” என்று சத்தமிட்டார். நாம் ஒன்றும் பேசினோமில்லை. கணக்கிலே பிழை காண முடியவில்லை. விடையை ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை.

பழையதை விரும்புவோர் பக்கத்திலே நியாயம் இல்லாமலில்லை. எமது தந்தையார் கல்கியின் பொன்னியின் செல்வனை ஆண்டுக்கு ஒருமுறை வாசிப்பவர். 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்த தொடரின் தாள்களைக் கிழித்துச் சேர்த்துக் கட்டிய புத்தகங்கள் வீட்டில் இருந்தன. 1995 இல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியபோது அவையும் போயின. கொழும்புக்கு வந்து சேர்ந்தபின் அவர் முதன்முதல் தமக்கென்று வாங்கிய பொருள் அதே நாவலின் புதிய பதிப்புத்தான். வேறு நாவல் வாசிக்கக் கூடாதா என்று கேட்டால், “முடிவு தெரிஞ்ச கதையில நெஞ்சு அடிக்காது தம்பி,” என்பார். அப்போது அது எமக்கு ஒரு வேடிக்கைப் பேச்சாகப் பட்டது.

புதிய விளையாட்டுகளின் மீது எமக்கு வேறு முறைப்பாடுகளும் இருந்தன. அவை விளையாட்டுகளாக அல்லாமல் உத்தியோகங்களாக வருகின்றன. அமெரிக்கக் குதிரைவீரர் கதையொன்று கணினிக்கு 2019 இல் வெளிவந்தது. அதற்கு வன்தட்டிலே 150 ஜிகாபைட் இடம் வேண்டுமாம். அதை இறக்கி முடிப்பதற்கு எமது வீட்டு இணைய இணைப்பு பல இரவுகள் பாடுபட்டது. இறக்கியபின் முதல் இரண்டு மணித்தியாலமும் குதிரை ஏறுவது எப்படி, துப்பாக்கி துடைப்பது எப்படி என்ற பாடந்தான். வாரம் முழுவதும் பாடம் நடத்துகிறவன் ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பிலே குந்தியிருப்பதா? விலையோ டொலரிலே. 2022 இல் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் 350 ரூபாயையும் தாண்டிச் சென்றபோது, புதிய ஆட்டம் பற்றிய பேச்சே எமது வீட்டில் எழவில்லை. அவ்வாண்டு பங்குனி மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்ற காலத்தில், இரண்டு பற்றரிகளில் ஓடும், கட்டைகள் விழுகின்ற அந்தப் பழைய பிறிக் கேம் ஒன்றுதான் எமக்கும் மகனுக்கும் துணை நின்றது. அந்த வெற்றியை நாம் பல மாதங்களுக்கு அவனிடம் சொல்லிக் காட்டினோம்.

எமது கல்லூரி மாணவரிடையேயும் இவ்விரு கட்சிகள் உண்டு. ஈஏ ஸ்போர்ட்ஸ் நிறுவனம் 2006 இன் இறுதியில் வெளியிட்ட கிரிக்கெட் 07 என்னும் ஆட்டம் அத்தொடரில் கடைசியாக வந்தது. அது வெளிவந்தபோது பிறந்திராத பையன்கள் இன்று அதை விளையாடுகிறார்கள். இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் வேறு இடங்களிலுமுள்ள இரசிகர்கள், காசு வாங்காமல், புதிய வீரர்களின் முகங்களையும் புதிய சட்டைகளையும் அதற்குள்ளே செருகிக்கொண்டே வருகிறார்கள். ஆட்டம் பழையது, ஆட்டக்காரர் புதியவர்! 2014 முதல் அவுஸ்திரேலியாவிலிருந்து புதிய கிரிக்கெட் விளையாட்டுகள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றை இயக்கத்தக்க கணினி எல்லா வீட்டிலும் இல்லை. ஆகவே பழையதைப் பற்றிக்கொண்டிருப்பதெல்லாம் பிரியத்தினால் அன்று என்பதையும் சொல்லவேண்டும்.

பழையவை தாமாக நிலைத்திருப்பனவும் அல்ல. ஐக்கிய அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான வீடியோ விளையாட்டுகளில் 87 வீதமானவை இன்று விலைகொடுத்து வாங்கக் கிடைப்பதில்லை என்று, அவற்றைப் பேணுவோர் 2023 இல் ஆராய்ந்து கூறினார்கள். மறுபுறத்தில், பழையது என்பதனால் அது முடிந்துபோனது என்றும் எண்ணுவதற்கில்லை. 1989 இல் நின்டெண்டோ வெளியிட்ட டெட்ரிஸ் விளையாட்டின் எல்லையை 34 ஆண்டுகளாக மனிதர் எவரும் தொட்டதில்லை. 2023 டிசம்பரில் ஒக்லஹோமாவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் ஒருவன், 157 ஆம் நிலையில் விளையாட்டே திகைத்து உறைந்து நிற்கும்வரை விளையாடிவிட்டான். இந்தச் செய்தியை நாம் மகனுக்கு வெற்றிக் களிப்போடு வாசித்துக் காட்டினோம். அவன், “அந்தப் பொடியனுக்கு அது புது விளையாட்டுத்தானே அப்பா,” என்றான்.

எனினும் இவையெல்லாம் வக்கீல் வாதம். நாம் கொன்ட்ராவை விடாதிருந்ததற்குக் காரணம் வேறு.

1996 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், எமக்குப் பதினான்கு வயதாயிருக்கையில், நாம் குடும்பத்தோடு வெள்ளவத்தைக்கு வந்தோம். கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில், ஒரு வீட்டின் பின்புறத்து அனெக்ஸிலே இரண்டு அறைகள். யாழ்ப்பாணத்தில் 1990 முதல் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலிலே திரியிட்டுச் சிறிதளவு மண்ணெண்ணெயில் எரித்த விளக்கில் ஐந்து ஆண்டுகள் படித்துவிட்டு வந்த எமக்கு, சுவிச்சை அமுக்கியதும் மின்குமிழ் எரிவதே ஒரு விளையாட்டாக இருந்தது. எம்முடன் பெரியம்மாவின் மகனும் வந்திருந்தார். எமக்கு ஐந்து வயது மூத்தவர்; அண்ணர். வெளிநாடு போவதற்காக முகவர் ஒருவருக்குப் பணம் கட்டிவிட்டுக் காத்திருந்தார். அக்காலத்தில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜுகள் நிறைய இப்படிக் காத்திருந்த இளைஞர்கள்தாம்.

அண்ணருக்கு ஒரு லொட்ஜிலே சிநேகிதர் இருந்தார். அவர் சுவிஸுக்குப் புறப்பட்டபோது, தம்மிடமிருந்த டீவி கேம் ஒன்றை அண்ணரிடம் விட்டுச்சென்றார். நின்டெண்டோவின் கருவியைப் பார்த்து யாரோ செய்த போலி. மஞ்சள் கசெட் ஒன்று. 64 விளையாட்டுகள் என்று மேலே அச்சிட்டிருந்தது. உள்ளே பார்த்தால் ஏழெட்டுத்தான், அவையே வெவ்வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வந்தன. அதிலொன்று கொன்ட்ரா. வீட்டுக்காரர் தமது பழைய தொலைக்காட்சிப் பெட்டியை எமக்கு இரவலாகத் தந்திருந்தார்.

முதல் நாளே அம்மா வந்து நின்று பார்த்தார். படபடவென்று துப்பாக்கிச் சத்தம், இடையிடையே வெடி. அம்மாவின் முகம் மாறிவிட்டது. “ஷெல்லுக்கும் பொம்மருக்கும் தப்பி வந்த பிள்ளையள், இஞ்ச இருந்து சுட்டு விளையாடுதுகள்! சத்தத்தையாவது நிப்பாட்டுங்கோடா.” சத்தத்தை நிறுத்தினோம். அன்று நிறுத்தியதுதான். அந்த ஆட்டத்தை நாம் எப்போதும் ஊமையாகவே விளையாடினோம். பின்னாளில் தனியே விளையாடியபோதும் அவ்வாறேதான். அதற்கு ஒரு சங்கீதம் உண்டு என்ற நினைவே எமக்கு எழுந்ததில்லை.

மூன்று உயிர் போதவில்லை. லொட்ஜுப் பையன்களிடமிருந்து அண்ணர் ஒரு மந்திரத்தைக் கேட்டு வந்தார். மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ. ஆரம்பத்தில் இதை அமுக்கினால் மூன்று உயிர் முப்பதாகிவிடும். கஸுஹிசா ஹஷிமொட்டோ என்பவர், 1986 இல் தாம் உருவாக்கிய வேறொரு ஆட்டம் தமக்கே கடினமாக இருந்தமையால், சோதித்துப் பார்ப்பதற்காக அதற்குள் வைத்த குறுக்குவழி இது என்பதை வெகுகாலத்தின் பின் அறிந்தோம். அவர் 2020 இல் காலமானார். உலகெங்கும் எத்தனை இலட்சம் பிள்ளைகள் அவரிடமிருந்து இருபத்தேழு உயிர்களை இனாமாகப் பெற்றிருப்பார்கள்!

இன்னொரு விதியும் இருந்தது. இருவர் விளையாடும்போது ஒருவருடைய உயிர்கள் தீர்ந்துவிட்டால், பொத்தானை அமுக்கி மற்றவருடைய கையிருப்பிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அண்ணருடைய முப்பதும் எப்போதும் எமக்கு முன்னே தீர்ந்துவிடும். “தம்பி, ஒண்டு கடனாத் தா,” என்பார். கேட்பதற்கு முன்பே எடுத்தும் விடுவார். மூன்றாம் கட்டத்திலே ஓர் அருவி வரும். பாறைகளில் தாவித்தாவி மேலே ஏறவேண்டும். ஒருவன் விரைந்து ஏறினால் திரை அவனோடு மேலே போய்விடும். கீழே நிற்பவன் திரைக்கு வெளியே அகப்பட்டுச் சாவான். அங்கே அண்ணரை நாம் பல தடவை கொன்றிருக்கிறோம். அவர் கோபித்ததில்லை. வயதில் மூத்தவராயிருந்தும் இவ்வளவு மந்தமாக விளையாடுகிறாரே என்று நாம்தான் உள்ளூர இளக்காரமாக எண்ணினோம்.

அவ்வாண்டு ஆடி மாதம், 24 ஆந் திகதி, தெஹிவளையில் புகையிரதத்தில் குண்டு வெடித்தது. வெள்ளவத்தைக்கு அடுத்த நிலையம் அது. அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் இரவிலும் விடியற்புறத்திலும் சோதனைகள், சுற்றிவளைப்புகள். அண்ணர் ஓரிரவு கொண்டுபோகப்பட்டு, மறுநாள் மாலை திரும்பி வந்தார். என்ன நடந்தது என்று அவரும் சொல்லவில்லை. வீட்டில் எவரும் கேட்கவுமில்லை. வெளியே போவது குறைந்தது. ஆட்டம் கூடியது.

ஆவணியில் ஓர் இரவு, ஒன்பது மணியளவில், முகவரின் ஆள் வந்து கதவைத் தட்டினார். உடனே புறப்பட வேண்டும். நாம் அப்போது ஏழாம் கட்டத்தில் இருந்தோம். அதற்கு முன் இருவருமாக அவ்வளவு தூரம் போனதில்லை. அண்ணருடைய உயிர்கள் முடிந்து, எம்மிடமிருந்து ஒன்றை அப்போதுதான் எடுத்திருந்தார். எழுந்து, ஆட்டத்தை நிறுத்தி வைக்கும் பொத்தானை அமுக்கிவிட்டு, “அப்பிடியே விடு, வந்து முடிப்பம்,” என்றார். வாயில் வந்ததைச் சொல்லியிருக்கவேண்டும். பதினான்கு வயதுப் பையன் அதை வாக்காக எடுத்துக்கொண்டான்.

அந்தக் கருவிக்கு ஞாபகசக்தி கிடையாது. மின்சாரம் இருக்கும்வரைதான் ஆட்டம் இருக்கும். தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, கருவியை மட்டும் எரியவிட்டோம். சிவப்பு வெளிச்சம் ஒன்று இரவு முழுவதும் மூலையில் எரிந்துகொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தாற் சுட்டது. ஆனால் 1996 வறட்சி ஆண்டு. நீர்த்தேக்கங்கள் வற்றி, நாடெங்கும் முறைவைத்து மின்சாரத்தை வெட்டிக்கொண்டிருந்த காலம். மறுநாட் பிற்பகல் எமது பகுதியின் முறை. அன்றைக்கு மட்டும் வெட்டமாட்டார்கள் என்று, எக்காரணமுமின்றி, நாம் நம்பிக்கொண்டிருந்தோம். வெட்டினார்கள்.

அண்ணர் ஆறு மாதத்தின் பின் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தார். இடையிலே எங்கெங்கே நின்றார் என்பது தனிக் கதை. நாம் படித்தோம், பட்டம் பெற்றோம், உத்தியோகம் பெற்றோம், மணம் செய்தோம். கணினியிலே பழைய கருவியைப் போல நடிக்கும் மென்பொருள் ஒன்று கிடைத்த நாள் முதல் கொன்ட்ராவைத் திரும்பவும் விளையாடத் தொடங்கினோம். எட்டாம் கட்டத்தின் இறுதியில் அந்தப் பெரிய இருதயத்தைச் சுட்டு வீழ்த்தித் தனியே முடித்தது எத்தனையோ தடவை. ஆயினும் நீலக் காற்சட்டைக்காரனுக்குப் பக்கத்தில் சிவப்புக் காற்சட்டைக்காரனை நிறுத்தி விளையாடவேண்டும் என்று மகன் கேட்டபோதெல்லாம், ஏதோ சாக்குச் சொல்லி நழுவினோம். இப்போது எண்ணிப் பார்த்தால் அது நாணத்துக்குரிய காரியம். பக்கத்திலே இருந்த பிள்ளையை விட்டுவிட்டு, எங்கேயோ இருந்தவருக்கு இடம் பிடித்து வைத்திருந்தோம்.

சென்ற ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்கு அண்ணர் வந்தார். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளின் பின் முதற்றடவை. தலை நரைத்து, முழங்கால் நோவோடு, ஸ்காபுரோவிலே இரவு வேலை செய்து பழகியவராதலால் பகலில் தூங்கி விழிப்பவராக வந்தார். யாழ்ப்பாணம் போகுமுன் எம்முடன் ஒரு வாரம் தங்கினார். இரண்டாம் நாள் இரவு நாம் ஆட்டத்தை ஆயத்தம் செய்து, இரண்டு ஜோய்ஸ்டிக்குகளையும் வைத்து, அவரை அழைத்தோம். எமது நெஞ்சு எவ்வளவு வேகமாக அடித்தது என்பதைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது.

மகன் அறியாமல் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டான். ஆட்டம் தொடங்கியதும், கம்பீரமான சங்கீதமொன்று எழுந்தது. அண்ணரும் நாமும் ஒருவரையொருவர் பார்த்தோம். “இதுக்குப் பாட்டு இருக்கே?” என்றார் அவர். மகனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

காட்டைக் கடந்தோம். அருவியிலே அண்ணர் வழக்கம்போலச் செத்தார். மூன்றாம் தடவை செத்தபின் ஜோய்ஸ்டிக்கை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, “தம்பி, இது இவ்வளவு சின்ன விளையாட்டே?” என்று கேட்டார். முழு ஆட்டமும் அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும் என்று மகன் சொன்னான். அண்ணர் சிரித்தார். நாம், ஏழாம் கட்டத்தையும், நிறுத்திவைத்த பொத்தானையும், மறுநாள் வந்த மின்வெட்டையும் சொன்னோம். முப்பது ஆண்டுகளாக வைத்திருந்த குற்ற ஒப்புதலைச் சொல்வதுபோலச் சொன்னோம். அவருக்கு ஒன்றுமே ஞாபகமில்லை.

“எனக்கு அந்த நாளில உந்த விளையாட்டே கண்ணில படேல்ல தம்பி,” என்றார். “கை அமுக்கும். காது வெளியிலதான் இருக்கும். ஒழுங்கைக்குள்ள ஜீப் நிக்குதா, சப்பாத்துச் சத்தம் கேக்குதா எண்டு. சித்தி சத்தத்தை நிப்பாட்டச் சொன்னது எவ்வளவு உதவியெண்டு உனக்குத் தெரியாது. சும்மா இருந்தா யோசிப்பன் எண்டுதான் உன்னோட குந்தினனான்.”

அவருடைய முப்பது உயிர்களும் ஏன் எமக்கு முன்னே தீர்ந்தன என்பது அன்றுதான் எமக்கு விளங்கிற்று. கணித ஆசிரியர் ஒருவருக்கு இதை விளங்க இத்தனை காலம் எடுத்திருக்கக் கூடாது.

அன்றிரவே மகன் வேறோர் ஆட்டத்தை எடுத்து வைத்தான். இட் டேக்ஸ் டூ என்பது அதன் பெயர். 2021 இல் சுவீடனிலிருந்து வந்தது. இருவர் சேர்ந்தே விளையாட வேண்டும். ஒருவர் தனியே விளையாட வழியே கிடையாது. பிரிந்துபோக நிச்சயித்த ஒரு கணவனும் மனைவியும், மகளின் கண்ணீரினாலே சிறிய பொம்மைகளாகிவிடுகிறார்கள். தம்முடைய வீட்டுக் கொட்டிலிலிருந்து புறப்பட்டு, மரத்துக்குள்ளும் கடிகாரத்துக்குள்ளும் பயணம் செய்து மகளிடம் திரும்பவேண்டும். கணவனிடம் ஆணி இருக்கும், மனைவியிடம் சுத்தியல் இருக்கும். அவன் ஆணியை எறிந்து சுவரில் ஏற்றினால்தான் அவள் அதிலே தொங்கி அப்பால் தாவலாம். எட்டிப் பார்த்த எமது மனைவியார், “விளையாட்டிலயும் புருஷன் பெண்சாதி சண்டையோ, போதும்!” என்று உள்ளே போனவர், சிறிது நேரத்தில் தேநீரோடு திரும்பி வந்து கதிரையைப் போட்டுக்கொண்டு அமர்ந்தார்.

அண்ணரும் மகனும் விளையாடினார்கள். இரவு இரண்டு மணிவரை. பெரியப்பாவும் பெறாமகனும் எறிந்தார்கள், தாவினார்கள், விழுந்தார்கள், ஒருவரையொருவர் ஏசினார்கள். நாம் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பொறாமை என்ற சொல்லைத் தவிர வேறு சொல் அதற்குப் பொருந்தாது.

இடையிலே மகன், அந்த ஆட்டத்தை ஆக்கியவரைப் பற்றிச் சொன்னான். ஜோசப் பாரெஸ் என்பது அவர் பெயர். 1977 இல் பெய்ரூத்திலே பிறந்தவர். லெபனானில் உள்நாட்டு யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது பத்து வயதளவில் குடும்பத்தோடு சுவீடனுக்குப் போனவர். முதலிலே சினிமாப் படங்கள் எடுத்தார். பின்னர் 2013 இல் இரண்டு சகோதரரைப் பற்றிய ஆட்டம் ஒன்று, 2018 இல் சிறையிலிருந்து தப்பும் இருவரைப் பற்றிய ஆட்டம் ஒன்று, அதன்பின் இது. அண்ணர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “அப்ப எங்கட ஆள்தான்,” என்றார்.

அந்த ஆட்டத்தில் உயிர்க் கணக்கு இல்லை. விழுந்தவன் சிறிது நேரத்தில் எழுந்து வந்துவிடுவான். கடினமான சண்டைகளிலே பொத்தானைத் திரும்பத் திரும்ப அமுக்கினால் எழும்பலாம், மற்றவன் அதுவரை விழாமல் நின்றாற் போதும். கடன் கேட்கவேண்டிய அவசியம் எவருக்குமில்லை. எமது பழைய விதியே மேலென்று எமக்கு இன்றும் ஓர் எண்ணம் உண்டு.

ஒருவர் வாங்கியிருந்தால் மற்றவர் இணையத்தின் வழியாக இலவசமாகச் சேர்ந்துகொள்ளலாம் என்ற வசதியும் அதில் இருக்கிறது. அண்ணர் கனடாவுக்குத் திரும்பியபின் வாரந்தோறும் அவரும் மகனும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். இந்தக் கருவிகளுக்கு ஞாபகசக்தி உண்டு. அதற்கிடையில் மகனுக்குப் பேராதனையிலே பொறியியற் பீடம் கிடைத்தது. விடுதிக்குப் போகுமுன் கணினியை எமது அறைக்கு மாற்றி வைத்துவிட்டு, “பெரியப்பா கடிகாரத்துக்குள்ள நிக்கிறார் அப்பா. தனியப் போகேலாது,” என்று சொல்லிவிட்டுப் போனான். கிட்டின்ஸின் கணக்கைப் பற்றி இம்முறை அவன் ஒன்றும் சொல்லவில்லை.

ஆகவே இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அன்று, விடியற்காலை ஆறரை மணிக்கு எமது கதவு சாத்தப்படுகிறது. அங்கே சனிக்கிழமை இரவு ஒன்பது மணி. அண்ணருக்கு வேலை இல்லாத இரவு. புதிய ஜோய்ஸ்டிக்கிலே இரண்டு கட்டைவிரல்களுக்கும் இரண்டு குமிழ்கள். ஒன்று நடப்பதற்கு, மற்றது பார்ப்பதற்கு. இரண்டையும் ஒருங்கே செய்ய எமக்கு இன்னும் கைவரவில்லை. நடந்தால் பார்க்க மறக்கிறோம், பார்த்தால் நிற்கிறோம். சென்ற வாரம் பற்சக்கரம் ஒன்றிலிருந்து ஒரே இடத்தில் பதினொரு தடவை விழுந்தோம். அண்ணர் அக்கரையிலே ஏறி நின்றுகொண்டிருந்தார்.

“கெதியா வாவன் தம்பி,” என்றது காதிலே அவருடைய குரல்.

“நிண்டுகொள்ளுங்கோ அண்ணை,” என்றோம். பன்னிரண்டாம் தடவையும் விழுந்தோம்.